படம் ஒட்டின பக்கம்

ஜன்னலோரம் நீங்க உக்காந்துக்குங்க தம்பி. அட, பரவால்லைங்க. மொதல்ல ஏறுனவன் நான்தான், இருந்தாலும் அந்த ஓரம் எனக்கு ஆகறதில்ல. இந்தப் பக்கம் உக்காந்தா டிரைவர் கையும் காலும் தெரியும். பாருங்க, இன்னும் ஊரு தாண்டல, அதுக்குள்ள கிளட்ச்சு மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டறான். சொன்னாக் கேப்பானா? கேக்க மாட்டான். இப்பத்த டிரைவருக யாருக்கும் சொன்னாப் புடிக்காது.

நான் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போறேனுங்க. சித்ரா ஸ்டாப்புல எறங்கிக்குவேன். ரெண்டரை மணிக்குச் சென்னையிலருந்து வர்ற பிளைட்டுல என் பையனும் என் ஊட்டுக்காரியும் வாராங்க. பையன் ஜெர்மனியில இருக்கான், லோகநாதன்னு பேரு, போயி ஒம்பது வருசமாச்சு. சந்தோசமா இருக்கும்ங்கறீங்க. இருக்கணுந்தான். ஊட்டுக்காரி சக்கர நாற்காலியில வாராளுங்க.

காலுங்க. இடது காலு. வண்டி ஏறிருச்சு. எந்த வண்டியா? நாங்க போன வண்டிதான்.

எதுனால ஆச்சுன்னு கேட்டா, போர்டுனால ஆச்சும்பேன் நான். சிரிக்காதீங்க தம்பி. அந்த நாட்டுக்காரன் ரோடு பூராவும் போர்டு நட்டு வெச்சிருக்கான். நட்டது பத்தாதுன்னு வண்டி மேலயும் ஒட்டச் சொல்றான். அதுனால ஆச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க காந்திபுரத்துல எறங்கி உங்க சோலியப் பாக்கப் போயிருவீங்க. எங்க ஊருல இதைச் சொன்னா நாளைக்கே டீக்கடையில ஆளுக்கொரு பக்கம் இழுப்பானுங்க.

நான் முப்பத்திரெண்டு வருசம் லாரி ஓட்டுனவனுங்க. திருச்செங்கோட்டுல அர்த்தநாரி வண்டின்னு கேட்டுப் பாருங்க. பத்துச் சக்கரம், நேஷனல் பர்மிட். காஷ்மீர்ல ஆப்பிள் ஏத்தியிருக்கேன், அஸ்ஸாமுக்கு முட்டை கொண்டு போயிருக்கேன். முட்டைங்க! ஒரு தட்டு ஒடைஞ்சிருக்குமா? ஒரு கோழிக்குஞ்சு என் சக்கரத்துல விழுந்ததில்ல. இந்த மனுசனுக்குத்தான் அவன் ரோட்டுல எப்படிப் போகணும்னு பாடம் நடத்துனான் என் பையன்.

போன வருசம் போன் பண்றான். 'அப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க. மோட்டார்ஹோம் ஒண்ணு வாடகைக்கு எடுத்துப் பத்து நாளு சுத்தலாம்'ங்கறான். மோட்டார்ஹோம்னா என்னடான்னேன். லாரி சேஸ் மேல ஊடு கட்டுன மாதிரிப்பா, உள்ளயே அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் இருக்கும், அஞ்சு டன்னுக்கு மேல எடைன்னான். எனக்கு அப்பவே கை அரிக்க ஆரம்பிச்சிருச்சுங்க. வண்டிய வித்து ஆறு வருசம். ஸ்டீரிங்கத் தொட்டு ஆறு வருசம். நேரா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி வெளிநாட்டுல ஓட்டறதுக்கான பர்மிட் போட்டேன். போட்டோவுக்குப் புதுச் சட்டை தெச்சேன். மயிலாத்தா கேட்டா, 'ஏனுங்க, பேரன் பேத்திகூட இல்ல, நாம எதுக்கு அவ்வளவு தொலைவு'ன்னு. மயிலாத்தாங்கறது என் ஊட்டுக்காரி. 'ஏ புள்ள, பெரிய வண்டின்னா அவனுக்குப் பயமா இருக்கும், அப்பன் வந்து ஓட்டட்டும்னு கூப்படறான்'னேன்.

அங்க போனா, பையன் ஒரு லைசென்சு எடுத்துக் காட்டறான். அவங்கூர்ல மூணரை டன்னுக்கு மேல போனா அதுக்குத் தனி லைசென்சாமா. அதுக்குன்னு ஆறு மாசம் படிச்சுப் பரீட்சை எழுதியிருக்கான். 'நீங்க ஓட்ட முடியாதுப்பா, வாடகைக்காரங்க என் பேரு ஒண்ணத்தான் எழுதியிருக்காங்க. நீங்க பக்கத்துல உக்காந்து எனக்குத் தைரியம் குடுங்க'ங்கறான். தைரியம். கேட்டீங்களா? அப்பனக் கூப்பிட்டது தைரியத்துக்கு.

இன்னொண்ணு இருக்குதுங்க. நம்மூர்ல டிரைவர் வலது பக்கம். அங்க இடது பக்கம். என்னையக் கொண்டுபோயி வலது பக்கம் உக்கார வெச்சான். கண்ண மூடுனா டிரைவர் சீட்டுல இருக்கற மாதிரியே இருக்கும். தொறந்து பாத்தா முன்னால ஸ்டீரிங் இல்ல. என்னை அறியாம காலு பிரேக்க மிதிக்கும், கீழ வெறும் பாயி. நான் உக்காந்திருந்தது கிளீனர் சீட்டுங்க தம்பி. முப்பத்திரெண்டு வருசத்துல நான் ஒரு தடவ கூட உக்காராத சீட்டு.

சரி, போனாப் போகுதுன்னு போனோம். நானு, மயிலாத்தா, பையன், மருமக, நாலு பேரு. அப்பறம் ஆரம்பிச்சுது போர்டு. வட்டமா ஒரு போர்டு, செவப்பு லாரி, பக்கத்துல கறுப்புக் காரு. லாரி முந்தக்கூடாதுன்னு அர்த்தம். முன்னால ஒருத்தன் ஊர்ந்துக்கிட்டுப் போறான், ரோடு காலியாக் கெடக்குது, என் பையன் அவன் பொறத்தாலயே போறான். 'ஏண்டா, நாம லாரியா, ஊடுதான'ன்னேன். 'மூணரை டன்னுக்கு மேலப்பா. இந்தப் போர்டுக்கு நாமளும் லாரிதான்'ங்கறான். சரின்னு ஒரு மணி நேரம் கழிச்சு லாரிக நிக்கற எடம் வந்துச்சு, நல்ல எடம், நிறுத்துடா சாமி, டீ வெச்சுக் குடிக்கலாம்னேன். 'அது லாரிக்குப்பா, நாம லாரி இல்ல'ங்கறான். எப்படி இருக்குது பாருங்க! முந்தறப்ப லாரி, நிறுத்தறப்ப லாரி இல்ல. மாமியா ஒடைச்சா மண்சட்டி, மருமக ஒடைச்சாப் பொன்சட்டிங்கற கதைதான்.

ஒரு ஊர்ல சின்னப் பாலம். செவப்பு வட்டத்துல நம்பரு போட்டிருக்கான். பாலத்தப் பாத்தா எங்க காலத்துல இருபது டன்ன ஏத்தி எறக்குவோம், அப்படி ஒரு கல்லுக்கட்டு. 'போடா, ஒண்ணும் ஆகாது'ங்கறேன். பையன் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி நாப்பது கிலோமீட்டர் சுத்துனான். அந்த நாப்பது கிலோமீட்டரும் நான் பேசல. மருமக பொறத்தாலருந்து, 'மாமா, மிட்டாய் வேணுங்களா'ன்னு கேக்கறா. நான் என்ன சின்னப் புள்ளையா?

அப்பறந்தான் பிரான்சு. எல்லைக்கு முன்னால ஒரு பெட்ரோல் பங்க்குல நிறுத்தி, பையன் பைக்குள்ளருந்து மூணு ஸ்டிக்கர் எடுத்தான். என்னடா இதுன்னேன். பிரான்சுக்குள்ள மூணரை டன்னுக்கு மேல போற வண்டி எல்லாத்துலயும் இதை ஒட்டணுமாமா. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, முதுகுல ஒண்ணு. தரையிலருந்து இத்தன உசரம், முன்னாலருந்து இத்தன தூரம்னு அதுக்கும் கணக்கு. டேப்பு வெச்சு அளந்தான் தம்பி! என் மவன், ரோட்டுல முட்டி போட்டு, டேப்பு வெச்சு அளந்து ஒட்டறான்.

அந்த ஸ்டிக்கர்ல ஒரு வண்டி படம். பக்கத்துல ஒரு ஆளு, ஒரு சைக்கிளு. மேல பெருசா எழுத்து. என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டேன். இந்தப் பக்கத்துல நிக்கற ஆளு டிரைவர் கண்ணுக்குத் தெரிய மாட்டான், தள்ளி நில்லுங்கன்னு அர்த்தம்ப்பா, எந்த டிரைவரா இருந்தாலும் அந்த எடம் மட்டும் தெரியாதுன்னான்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சுங்க. நீங்களே சொல்லுங்க, நாம நம்ம வண்டியில என்ன எழுதுவோம்? சாமி பேரு எழுதுவோம், புள்ளைக பேரு எழுதுவோம், ஹாரன் அடின்னு எழுதுவோம். 'இந்த வண்டி டிரைவருக்குக் கண்ணு தெரியாது'ன்னு எவனாச்சும் எழுதி ஒட்டிக்குவானா? அதை வண்டி மேல மூணு பக்கமும் ஒட்டிக்கிட்டு ஊர் ஊரா நான் போகணுமாமா. எங்காலத்துல நான் பாக்காத எடம்னு வண்டியில ஒண்ணு இருந்ததில்ல.

இடது பக்கமா? அது கிளீனர் பாத்துக்குவானுங்க. அது வேற. மாரப்பன்னு ஒருத்தன் எங்கூட இருபது வருசம் ஓடுனான். அவன் தலைய வெளிய நீட்டிப் பாப்பான், சந்தேகம்னா எறங்கிப் பாப்பான், அப்பறம் தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டி, 'போலாம்'பான். அவன் போலாம்னா போவேன், ஹோல்டான்னா நிப்பேன். அது கிளீனர் சோலி. டிரைவர் சோலி கண்ணாடியப் பாக்கறது, ரோட்டப் பாக்கறது. அவனவன் சோலிய அவனவன் பாத்தா எதுக்குங்க ஸ்டிக்கர்?

பையன் மயிலாத்தாளைக் கூட்டிக்கிட்டு வண்டியச் சுத்தி வந்து காட்டுனான். 'அம்மா, உனக்கு இந்த எழுத்துத் தெரியாது, படம் தெரியுமில்ல? இந்தப் படம் ஒட்டியிருக்கற பக்கம் நிக்காத. அங்க நீ நின்னா எனக்குத் தெரியாது. எங்கயிருந்தாலும் என் மொகம் உனக்குத் தெரியற எடத்துல நில்லு'ன்னான். அவ அப்படியே கேட்டுக்கிட்டா. அன்னையிலருந்து அந்தப் படத்தக் கண்டா நாலடி தள்ளித்தான் நடப்பா. பாம்பப் பாத்த மாதிரி. எனக்கு எரிச்சலா வரும். முப்பத்தெட்டு வருசம் என்கூடக் குடும்பம் நடத்துனவ, நான் சொன்னது எதையும் இப்படிக் கேட்டதில்ல.

ரெண்டு நாளு போச்சு. மூணாம் நாளு காலையில வலது பக்கத்து ஸ்டிக்கர் இல்ல.

ஆமாங்க, இல்ல. வண்டிக நிறுத்தற தோட்டம் மாதிரி ஒரு எடம், பக்கத்துல உசரமா வேலி. அன்னைக்குத்தான் கடலைப் பாக்கப் போறதா இருந்துச்சு. பையன் ஸ்டீரிங்குல, நான் பக்கத்துல, மருமக உள்ள கட்டிலை மடக்கிக்கிட்டு இருக்கா. 'அம்மா எங்கப்பா'ன்னான். 'பொறத்தால இருப்பா'ன்னேன். 'வலது பக்கம் யாரும் இல்லைங்களா'ன்னான். 'போலாம்'னேன். வண்டி ரெண்டு முழம்கூட நகரலைங்க. ஒரு சத்தம். கத்துன சத்தம் இல்ல. மயிலாத்தா கத்த மாட்டா, பிரசவத்துலயே கத்தாதவ. 'ஐயோ சாமி'ன்னு மெதுவா ஒரு சத்தம், என் காலுக்குக் கீழருந்து.

முன்சக்கரம் பாதத்து மேல ஏறியிருந்துச்சு.

ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க, குத்தம் சொல்ல முடியாது. பாதத்துக்குக் கம்பி வெச்சாங்க. ரெண்டு வெரல மட்டும் எடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டை வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும். மெட்டி போட்டிருந்த வெரலு. ஒரு நர்ஸம்மா அந்த மெட்டிய அறுத்து எடுத்துக் கழுவி, சின்னப் பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுவந்து என் கையில குடுத்தா. அந்தப் பொண்ணுக்கு அது என்னன்னு தெரியாது. மோதரம்னு நெனைச்சிருப்பா. எங்க ஊரு மலையடிவாரத்துல, கலியாணத்தன்னைக்கு, அம்மி மேல கால வெச்சு நான் போட்டுவிட்டதுங்க அது.

போலீசு வந்துச்சு. வண்டியச் சுத்திப் பாத்தாங்க. இடது பக்கம் இருக்குது, முதுகுல இருக்குது, வலது பக்கம் எங்கன்னு கேட்டாங்க. 'ஒட்டினேன், விழுந்திருக்கு, நான் கவனிக்கல'ன்னு பையன் சொன்னான். எழுதிக்கிட்டாங்க. கொஞ்ச மாசம் வண்டியே ஓட்டக்கூடாதுன்னு ஆயிப்போச்சு. அது கெடக்குது, அதுகூடப் பரவால்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதான் பாருங்க. முப்பத்தாறு வயசு ஆம்பள. 'நான் ஒழுங்கா ஒட்டலப்பா. தொடைச்சிட்டு ஒட்டியிருக்கணும், ஈரத்தோட ஒட்டிட்டேன். அம்மாகிட்டப் படத்தப் பாத்து நில்லுன்னு சொன்னதே நான்தான். படம் இருந்திருந்தா அம்மா அங்க போயிருக்காது'ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றான்.

நான் என்ன சொல்ல முடியும்? 'விடுறா சாமி, நம்ம நேரம்'னேன். அப்பன்னா அப்படித்தான சொல்லணும்?

சரி, இந்தாங்க, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. உள்ள ஒரு தாளு சுருட்டி வெச்சிருக்கேன் பாருங்க. பிரிங்க. மெதுவா, ஒட்டிக்கும். இதுதானுங்க அது. வண்டி, ஆளு, சைக்கிளு. பாத்தீங்களா, ஈரமும் இல்ல, கிழிசலும் இல்ல. பசை இன்னும் அப்படியே இருக்குது. ஒழுங்காத்தான் ஒட்டியிருக்கான் பையன். உரிக்கறதுக்கு எனக்குப் பத்து நிமிசம் ஆச்சு.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. முழுசாக் கேளுங்க.

எங்க வழக்கம் என்னன்னா, வண்டி வெளியூர் கெளம்பறப்ப முன்சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் எடுப்போம். உங்களுக்குத் தெரியாததா? மொத நாளு ஜெர்மனியில வெச்சேன். பையன் பாத்துட்டான். 'அப்பா, இங்க இப்படிப் பண்ணுனா ரோட்டுல குப்பை போட்டுட்டுப் போறோம்னு நெனைப்பாங்க, வேண்டாம்ப்பா'ன்னான். பழம் குப்பையாமா! எனக்கு மனசு கேக்கல. முந்தறதுக்கும் உன் பேச்சக் கேட்டாச்சு, பாலத்துக்கும் கேட்டாச்சு, சாமி காரியத்துக்கும் உன்னையக் கேக்கணுமா? மயிலாத்தாகிட்டச் சொன்னேன், 'அவன் பாக்காத பக்கமா நீ வெச்சிரு புள்ள'ன்னு. அவன் பாக்காத பக்கம்னா வலது பக்கந்தான. அவ மாட்டேன்னுட்டா. 'அந்தப் பக்கம் நிக்காதன்னு படம் ஒட்டியிருக்குதுங்க, பையன் அவ்வளவு சொன்னான்'ங்கறா. ரெண்டு நாளா அதே பேச்சு. படம், படம், படம்.

மூணாம் நாளு விடியறப்ப, பையன் குளிக்கப் போயிருந்தான். நான் எறங்கி நகத்தால ஓரத்தக் கிளப்பி உரிச்சுட்டேன். கோவந்தான். கோவமில்லாம வேறென்ன? உரிச்சுச் சுருட்டிச் சட்டைப் பையில போட்டேன். அவ பாத்துக்கிட்டே நின்னா. 'இப்பப் படம் இல்லையில்ல? போயி வை'ன்னேன்.

வெச்சா.

அவ வெக்கப் போனப்பவே பையன் வந்து ஸ்டீரிங்குல ஏறிட்டான். கேட்டான். அம்மா எங்கன்னும் கேட்டான், வலது பக்கம் யாரும் இல்லையான்னும் கேட்டான். அவ குனிஞ்சு பழம் வெச்சிட்டு எந்திரிச்சிருப்பான்னு நெனைச்சேன். பழம் உருண்டு ஓடிருச்சாமா, மறுபடியும் எடுத்து வெச்சிருக்கா. அது எனக்கெப்படித் தெரியும்? பாக்கலையான்னு கேக்கறீங்களா? பாத்தேனுங்க. கண்ணாடியப் பாத்தேன். டிரைவர் கண்ணாடியத்தான் பாப்பான். அந்தக் கண்ணாடி பையன் கண்ணுக்குத் திருப்பி வெச்சது, நான் உக்காந்த எடத்துலருந்து பாத்தா வேலிதான் தெரிஞ்சுது. வேலி, எலை, ஒரு குருவி. யாரும் இல்லைன்னுதான் போலாம்னேன்.

தலைய நீட்டிக் கீழ பாத்திருக்கலாம். பாத்திருந்தா அவ உச்சந்தலை தெரிஞ்சிருக்கும். என் சீட்டுக்கு நேர் கீழதான் இருந்தா. மாரப்பனா இருந்தா நீட்டியிருப்பான். நான் எதுக்குங்க நீட்டறேன்? நான் டிரைவரு.

இதுல என் தப்பு என்ன? சொல்லுங்க. ஓட்டுனது நானில்ல. ஓட்டுனவன் எறங்கிப் பாத்திருக்கணும். குனிஞ்சவ வண்டி உறுமற சத்தம் கேட்டு விலகியிருக்கணும். ஒரு ஸ்டிக்கர உரிச்சதுக்கு ஒரு காலுன்னா இந்த நாயத்த எங்க போயிச் சொல்றது?

அவ பையன்கிட்டச் சொல்லலைங்க. அதுதான். நாலு மாசம் அங்க இருந்தா. ரெண்டு தடவ ஆபரேசன், நடக்கப் பழக்குனாங்க. நான் ஒரு மாசத்துல வந்துட்டேன், என் விசா முடிஞ்சுபோச்சு, அவளுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்து நீட்டுனாங்க. அவ பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எலுமிச்சம்பழத்தையும் சொல்லல. எதையோ எடுக்கக் குனிஞ்சேன்னு மட்டும் சொல்லியிருக்கா. பையன் இன்னைக்கு வரைக்கும் அவன் ஒட்டினது சரியில்லைன்னே நெனைச்சுக்கிட்டு இருக்கான். மருமக போன்ல சொன்னா, 'மாமா, அவரு தூங்கறதே இல்ல, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு'ன்னு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போன வாரம் மயிலாத்தா பேசுனா. இத்தன மாசமா பையன் போனைக் குடுத்தா, 'ம், சாப்டீங்களா' அவ்வளவுதான். அன்னைக்கு அவளாப் பேசுனா. 'அவன் பத்து நாளு லீவுல என்னையக் கொண்டாந்து விட வாரான். அந்தத் தாளு உங்க சூட்கேசுல, வேட்டிக்கு அடியில இருக்குது. நான்தான் வெச்சேன்'ங்கறா. நான் அதைத் தொலைஞ்சு போச்சுன்னு நெனைச்சிருந்தேன் தம்பி. ரத்தமும் மண்ணுமாக் கெடந்த என் சட்டையிலருந்து அது எப்படி அவ கைக்குப் போச்சுன்னு இன்னைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தவ. மருமகளும் பாத்திருப்பாளோ என்னமோ.

'அதை ஏர்போர்ட்டுக்குக் கொண்டாங்க. அவன் கையில குடுத்து நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், சொன்னா அது கோள் சொன்னதா ஆயிரும். நீங்க சொன்னா ஊட்டுக்கு வாரேன். இல்லைன்னா கோபியில தங்கச்சி ஊட்டுக்குப் போயிக்கறேன். அவன் செய்யாத தப்பை அவன் தலையில வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போகக்கூடாது'ன்னா. போனை வெச்சுட்டா. அதுக்கப்பறம் நான் பண்ணுனா எடுக்கறதில்ல.

பாத்தீங்களா அதிகாரத்த! எனக்கே நிபந்தனை போடறா. எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படிக்கத் தெரியாதவ. நான் போயி, அத்தன பேரு போறவாற எடத்துல, பெத்த புள்ள முன்னால நின்னு, ஆமாடா நான்தான்டான்னு சொல்லணுமாமா. அவன் என்னைய என்னன்னு நெனைப்பான்? சின்ன வயசுல அவன் கிளாசுல எழுதுன கட்டுரை இன்னும் எங்க பீரோவுல இருக்குதுங்க. எங்கப்பா பெரிய லாரி டிரைவர், எங்கப்பா வண்டி இடிச்சதே இல்லைன்னு எழுதியிருக்கான். அதுக்கப்பறம் என்கிட்ட என்னதான் இருக்குது, நீங்க சொல்லுங்க?

சொல்லலாமா, வேண்டாமா? நீங்க படிச்சவரு. சரி விடுங்க. சித்ரா வரைக்கும் நேரம் இருக்குது.

வண்டி நிக்குது. பெருந்துறை தாண்டியாச்சா? டீக்கு நிறுத்தறான். குடிக்கறீங்களா? நானும் வேண்டாம். இன்னைக்குக் காலையிலருந்து பச்சைத்தண்ணிகூட எறங்கல. வாசல்ல சாணி போட்டு மொழுகச் சொல்லி ஆளு வெச்சிருக்கேன், கீழ் ரூம்புல கட்டிலப் போட்டிருக்கேன், சக்கர நாற்காலி ஏற சிமெண்டுல சரிவு கட்டியிருக்கேன். அதெல்லாம் நான் பண்ணாமலா இருக்கேன்? மெட்டிகூட இந்தா, பைக்குள்ளதான் இருக்குது. அதைப் போட வெரலு இல்ல, இருந்தாலும் எடுத்தாந்திருக்கேன். எதுக்குன்னு எனக்கே தெரியல.

ஏறுங்கப்பா, ஏறுங்க, நேரமாச்சு. டிரைவர் ஏறிட்டான். கண்டக்டரக் காணோம், அங்க போன்ல நின்னு பேசிக்கிட்டு இருக்கான் பாருங்க. இந்த லட்சணத்துல வண்டி எப்படி... என்னப்பா? என்னையவா கூப்பட்ற? என்ன? ஓரத்துல ஆளு இருக்குதான்னு பாக்கணுமா?

நான் கிளீனர் இல்லப்பா. நானும் டிரைவர்தான். முப்பத்திரெண்டு வருசம்.

தம்பி, நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க. நீங்க பாருங்க. யாரும் இல்லைங்களா? கண்ணாடியப் பாத்துச் சொல்லாதீங்க, கண்ணாடி உங்களுக்குத் திருப்பி வெச்சது இல்ல. தலைய நீட்டுங்க. கீழ, நேர் கீழ. சக்கரத்துக்கிட்ட. அங்க ஒரு பூக்காரம்மா கூடையோட நின்னுச்சே, அது எங்க? போயிருச்சா? போனத நீங்க பாத்தீங்களா, போயிருக்கும்னு நெனைக்கறீங்களா?

ஏப்பா டிரைவரு, எடுக்காத! ஹோல்டான்! எடுக்காதங்கறேன்ல!

என்னால அந்த வார்த்தைய இனி வாயில சொல்ல முடியாதுங்க தம்பி. நீங்க எறங்குங்க. கோவிச்சுக்காம ஒரு நிமிசம் எறங்கி, குனிஞ்சு, சக்கரத்துக்கடியில பாத்துட்டு வாங்க. அதுக்கப்பறம் நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்க, போலாம்னு.